எனக்கு முட்டி வலி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் "சரி" என்று சொன்னதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்த ஒரு சொல், அவ்வளவுதான். "அப்பா, ஒங்களுக்கு முட்டி வலி ஜாஸ்தியாயிடுத்தாமே? அம்மா சொன்னா. தாலி கட்டறச்சே நான் சித்தப்பா மடியிலயே உக்காந்துக்கறேன். நீங்க முன்னாடி சோபால சௌகரியமா உக்காந்து பாருங்கோ. டீக் ஆச்சே?" என்றாய். சங்கடமான பேச்சை இப்படி 'சரிதானே' என்று வங்காளியில் முடிப்பது சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தபோதும் அப்படித்தான், சென்னைக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோதும் அப்படித்தான். நான் போனை வைத்துவிட்டு, பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கத் தோன்றவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முட்டி வலி இல்லை. கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கித்தான் தினமும் காய்கறி வாங்கி வருகிறேன். முட்டி வலி உன் அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து எனக்குக் கொடுத்தது. நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள, மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவான். அந்த மூட்டையிலிருந்து என்னை மரியாதையாகக் கிளப்ப அவர்களுக்கு ஒரு வலி தேவைப்பட்டது. எனக்கு உண்மையில் இருக்கும் வியாதியின் பெயரை உனக்கு யாரும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன். இந்தக் கடிதத்தின் நகல் உன் சித்தப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் போகிறது. மாப்பிள்ளையின் அப்பா அம்மா படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் அம்மா திட்டுவாள். அவள் திட்டுக்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அம்மா உன்னோடு புடவை எடுக்கச் சென்னைக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். துர்கா பூஜை முடிந்துவிட்டது. எதிர்ச் சந்தில் பந்தல் மூங்கில்களை அவிழ்த்து வண்டியில் ஏற்றுகிறார்கள். துணி உரித்த பந்தல் வெறும் கழிகளாக நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலையில் பேசினால் சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்பதில்லை. நடுவில் தூங்கிப்போகிறேன், எழுந்திருக்கிறேன். "ஏன்னா, மறுபடியும் தூக்கமா?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வியை நாற்பது வருஷம் வெறுத்தவன், இப்போது அதைக் கேட்டால் தேவலை என்று நினைக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே.

என் வியாதிக்கு நார்கோலெப்ஸி என்று பெயர். பகலில் அடக்கமுடியாத தூக்கம் வரும் வியாதிகளில் ஒன்று. நான் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதிலேயே எனக்கு அது இருந்திருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரிப்பது எனக்கு ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஊரில் மத்தியானம் சோறு சாப்பிட்டதும் கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுப்பான் என்பது உனக்குத் தெரியும். பாத்-கூம், சோற்றுத் தூக்கம். அது அவர்களுக்குச் சோம்பல் இல்லை, சாப்பாட்டின் கடைசிக் கவளம் மாதிரி. நான் கார்டன் ரீச் ஆபீஸில் மேஜையில் தலையைச் சாய்த்தால் பக்கத்து மேஜைக்காரர்கள், "மதராஸிக்கு நம் பழக்கம் வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டார்கள். கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் நிமாய்தா, "கீ தாதா, மீன்கூட சாப்பிடறதில்ல, உங்களுக்கும் பாத்-கூமா?" என்று கேட்டு என் தோளில் தட்டுவார். நம் ஆட்களோ நேர்மாறாக எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்தால் உன் சித்தப்பா, "அண்ணா பெங்காலியா மாறிட்டான். கல்கத்தாத் தண்ணி அப்படி" என்பான். உன் அம்மா, "ஒங்களுக்கு ரத்தத்துலயே வங்காளிச் சாப்பாடு, மோச்சா போஸ்தோ எல்லாம் ஏறிடுத்து" என்பாள். வங்காளிக்கு நான் நல்ல வங்காளி, தமிழனுக்கு நான் கெட்டுப்போன தமிழன். ஒருவருக்கும் நான் நோயாளி இல்லை.

அவர்கள் தூக்கத்துக்கும் என் தூக்கத்துக்கும் இருந்த வித்தியாசத்தை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் சோற்றுக்குப் பின் தூங்கி எழுந்து டீ குடிப்பார்கள். நான் காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் தூங்குவேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்குவேன். சாஸ்திரிகள் எதிரில் உட்கார்ந்து மந்திரம் சொல்லச் சொல்லத் தூங்குவேன். அந்தத் தூக்கம் தூறல் மாதிரி மெல்ல வராது. மேலிருந்து ஈரக் கம்பளியைப் போட்டு மூடியது மாதிரி வரும். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், மறுபடி வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கி, கை மட்டும் எழுதிக்கொண்டே போயிருக்கும். வரி எங்கோ சரிந்து கிடக்கும். பிரமோஷன் கிடைக்கவில்லை. என்னைவிட வேலை தெரியாதவர்கள் மேலே போனார்கள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. பாத்-கூம் என்ற பெயருக்குள் நானே ஒளிந்துகொண்டேன் என்று நீ சொல்லலாம். சொல். ஒளிய இடம் கொடுத்த ஊரில் ஒளியாமல் வேறென்ன செய்வது?

தூக்கம் பாதி வியாதிதான். மறு பாதி உனக்குத் தெரியும், ஆனால் அது வியாதி என்று தெரியாது. நீ பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன் விடியற்காலையில் உன்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவேன். அங்கே பென்ஷன்காரர்கள் வட்டமாக நின்று கைகளைத் தூக்கி ஹா ஹா என்று சிரிப்புப் பயிற்சி செய்வார்கள். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். நீ தூரத்திலிருந்து அவர்களைப் பார்த்து, தொந்தியை முன்னால் தள்ளி, இல்லாத வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதேபோல் சிரித்துக் காட்டுவாய். எனக்குச் சிரிப்பு வரும். வந்ததும் முட்டி மடங்கும், தாடை தொங்கும், கழுத்து நிற்காது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டே புல்லில் உட்கார்ந்துவிடுவேன். "அப்பா விழறா! அப்பா விழறா!" என்று கை தட்டிக்கொண்டு நீ இன்னும் சிரித்துக் காட்டுவாய். உனக்காக நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாய். அதைவிடப் பெரிய விளையாட்டு உனக்குக் கிடையாது. எனக்கும்தான்.

பிறகு ஒருநாள் ஜாதவ்பூரில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். மேலே உட்கார்ந்து என் காதுக்குள் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்பது இன்று நினைவில்லை. நான் அப்படியே நடைபாதையில் மடங்கினேன். உன் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அப்போது வந்தது. கல் தடுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கல் எதுவும் இல்லை. அன்றிலிருந்து உன் அருகில் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன். நீ வேடிக்கை செய்தால் வேறு பக்கம் பார்த்தேன், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன், "போய்ப் படி" என்றேன். நீ மெல்ல என்னிடம் வேடிக்கை செய்வதை விட்டுவிட்டு அம்மாவிடம் போனாய். பிறகு சித்தப்பாவிடம். அவன் ஊரிலிருந்து வந்தால் வீடே சிரிக்கும், நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். "ஒங்கப்பாக்குப் பல்லு இருக்கான்னே எனக்குத் தெரியாது" என்று அவன் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் செய்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. உன் தலை இன்னொரு முறை கல்லில் மோதக்கூடாது என்று தெரிந்துதான் செய்தேன். வியாதியின் பெயர் தெரியாமல் செய்தேன், ஆனால் சரியாகச் செய்தேன். இன்றைக்கும் அதையே செய்வேன்.

துக்கத்தில் நான் விழுந்ததில்லை, கவனித்திருக்கிறாயா? பாட்டி போனபோது தூண் மாதிரி நின்று எல்லாக் காரியத்தையும் செய்தேன். கல் நெஞ்சன் என்றார்கள். என்னைச் சாய்ப்பது அழுகை இல்லை. சிரிப்பும் சந்தோஷமும் திடீரென்று வரும் பெருமிதமும்தான். சந்தோஷம் வந்தால் கீழே விழுகிறவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தோஷம் இருக்கும் இடங்களுக்குப் போவதை விட்டுவிடுகிறான். கச்சேரி, கல்யாணம், பூஜைப் பந்தல், சிநேகிதர் வீடு. தனியாக இருக்கப் பழகிக்கொண்டேன். அது நல்ல பழக்கம் இல்லை, ஆனால் எலும்பு முறியாத பழக்கம்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் வராமல் இருக்க முடியுமா? வந்தேன். சோபாவின் மூலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் மாமனார் பேச்சுவாக்கில், "எங்காத்துச் சமையலப் பத்திக் கேக்காதீங்கோ. நான் சமைச்சா இவ சாப்பிடமாட்டா, இவ சமைச்சா நாய்கூடச் சாப்பிடாது" என்றார். உன் மாமியார் தட்டை நீட்டிக்கொண்டே, "ஆமாம், அதான் நாயும் இவரும் சேர்ந்து ஓட்டலுக்குப் போறா" என்றார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. நீ போகப்போகிற வீட்டில் இப்படிப் பேசிச் சிரிக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. தாடை தொங்கியது, தலை மார்பில் விழுந்தது, கையிலிருந்த டம்ளர் கம்பளத்தில் உருண்டது. "அச்சச்சோ, பொண்ணோட அப்பா தூங்கிட்டார் போலருக்கே" என்றாள் ஒரு மாமி. அப்போது நீ, "அப்பா எப்பவும் இப்படித்தான் மாமி. விடுங்கோ, எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றாய். சித்தப்பா, "கவலையே படாதீங்கோ, கல்யாணத்தன்னிக்கு மடிக்கு நான் இருக்கேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

நான் தூங்கவில்லை. அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விழுதலுக்கு கேடப்ளெக்ஸி என்று பெயர். உடம்பு மட்டும்தான் போகும், நினைவு போகாது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பாயசத்தில் ஏலக்காய் அதிகம் என்று யாரோ சொன்னதுகூடக் கேட்டது. "நான் முழிச்சிண்டுதான் இருக்கேன்" என்று சொல்ல நாக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது. நீ எனக்குப் புது டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் போனில் தேட ஆரம்பித்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஆனால் தெரியாத சொல் வந்தால் அதன் பொருளைப் பார்ப்பேன், அந்தப் பொருளில் தெரியாத சொல் இருந்தால் அதையும் பார்ப்பேன். சிரித்தால் ஏன் முட்டி மடங்குகிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். எழுதிய அந்த நிமிஷமே பதில் வந்தது. ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்க எனக்கு இவ்வளவு வயசு ஆகியிருக்கிறது. பிறகு தனியாக பஸ் பிடித்து ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள், வங்காளிப் பெண். நான் வியாதியின் பெயரைச் சொல்வதற்குள் அவளே, "மேஷோமஷாய், ஹாஷ்லே ஹாட்டு பேங்கே ஜாய்?" என்று கேட்டாள். சிரித்தால் முட்டி மடங்கிப்போகிறதா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். பிறகு ஒரு பரிசோதனை வைத்தாள். தலையில் ஒயர்களை ஒட்டி, பகலில் விட்டு விட்டுப் படுக்கச் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறேன், எவ்வளவு சீக்கிரம் கனவுத் தூக்கத்துக்குள் போகிறேன் என்று பார்த்தார்கள். படுத்ததும் தூங்கினேன், தூங்கியதும் கனவு. தூங்கித் தேறிய பரீட்சை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

நான் படித்துப் புரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன். மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடம்புச் சூடு எல்லாம் அதன் பொறுப்பு. அங்கே ஒரு சின்னக் கூட்டம் செல்கள் ஒரெக்ஸின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்ததால் அதற்கு ஹைப்போகிரெட்டின் என்று இன்னொரு பெயரும் உண்டு. ஹிஸ்டமின், டோபமின், நார்அட்ரினலின், செரடோனின் என்று விழிப்புக்கு வேலை செய்யும் ரசாயனங்கள் பல இருக்கின்றன. ஜலதோஷ மாத்திரை சிலவற்றைப் போட்டால் தூக்கம் வருகிறதே, ஏன் தெரியுமா? மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கப் போகிற மருந்து மூளையிலும் அதைத் தடுத்துவிடுகிறது. ஒரெக்ஸின் இவை எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிறது. நம் பழைய பிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் இருந்ததே, அது மாதிரி. கரண்ட் இருக்கிறது, பிரிட்ஜும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் கரண்ட் கொஞ்சம் ஆடினாலும் பட்டென்று நின்றுவிடும், பட்டென்று ஓடும். என் மூளையில் அந்த ஸ்டெபிலைசர் போய்விட்டது. உடம்பின் பாதுகாப்புப் படையே எதிரி என்று தவறாக நினைத்து அந்தச் செல்களை அழித்திருக்கலாம் என்கிறார்கள். எப்போது, எந்தக் காய்ச்சலோடு என்று எனக்குத் தெரியாது. போன செல்கள் திரும்பி வராது.

காபி ஏன் உதவவில்லை என்பதும் இப்போதுதான் புரிந்தது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் "போதும், படு" என்று சொல்வது. காபி அது உட்காரும் நாற்காலியில் போய் முதலில் உட்கார்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது போதும். லேக் மார்க்கெட்டிலிருந்து நான் இத்தனை வருஷம் அரைத்து வாங்கிய காபிப் பொடி அடினோசினோடு சண்டை போட்டது, இல்லாத ஒரெக்ஸினை அது எங்கிருந்து கொண்டுவரும்? பகல் தூக்கக்காரர்கள் எல்லோருக்கும் இதே காரணம் என்றும் நினைக்காதே. சிலருக்கு ஒரெக்ஸின் சரியாக இருக்கிறது, ஆனாலும் எவ்வளவு தூங்கினாலும் தெளிவதில்லை. அவர்கள் மூளையில் அடக்கி வைக்கும் ரசாயனம் ஏதோ அளவு மீறுகிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்காவது பெயர் கிடைத்தது.

விழுவதற்குக் காரணம் கனவு. நாம் கனவு காணும்போது எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை உடம்பின் தசைகளை அவிழ்த்துப் போட்டுவிடும். அது தூக்கத்தில் நடக்க வேண்டியது. ஒரெக்ஸின் இல்லாதவனுக்கு அது விழிப்பில் நடக்கிறது. சந்தோஷம் மூளையில் எங்கே பொங்குகிறதோ அந்த இடத்திலிருந்து ஒரு சேதி போகிறது. உங்களுக்கெல்லாம் அதை வழியில் நிறுத்த ஆள் உண்டு, எனக்கு இல்லை. ஆகவே நான் சிரிக்கும்போது என் உடம்பு கனவு காண்கிறவன் உடம்பாகிவிடுகிறது. நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு முதலில் கதவைச் சாத்தினாள். "இந்த வயசுல புதுசா ஒரு வியாதியா? வாய மூடிண்டு இருங்கோ. சம்பந்தியாத்துல கேட்டா பரம்பரையான்னுதான் மொதல்ல கேப்பா." பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, ரத்தத்தில் ஒரு சிறு சாய்வு இருக்கலாம், அது மட்டும் போதாது என்று விளக்கினேன். "ஒங்க விளக்கத்த அவாகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா? சோம்பேறின்னா சிரிச்சிண்டு போயிடுவா. வியாதின்னா பொண்ண வேண்டாம்பா" என்றாள். சோம்பேறி என்ற பெயர் உனக்கு நல்லது, நோயாளி என்ற பெயர் உனக்குக் கெடுதல் என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? பேசாமல் இருந்தேன். ஆனால் முட்டி வலிக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது எனக்குத் தெரியாமல் நடந்தது. நாற்பது வருஷம் மற்றவர்கள் வைத்த பெயரோடு வாழ்ந்தேன். என் பெண்ணின் கல்யாணத்தில் இன்னொரு பொய்ப் பெயரோடு சோபாவில் உட்காரமாட்டேன். உண்மை தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால் இப்போதே வாங்கட்டும். நாயும் இவரும் ஓட்டலுக்குப் போகிறார்கள் என்று சொன்ன அந்த அம்மாள் பின்வாங்கமாட்டார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

டாக்டர் காலையில் ஒரு மாத்திரையும் விழுதலுக்கு இன்னொன்றும் கொடுத்திருக்கிறாள். இரண்டும் உதவுகின்றன, குணப்படுத்துவதில்லை. மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவளிடமே கேட்டேன். அவளுக்கு நம் வழக்கம் தெரியாது; சொன்னதும் கண்ணை அகலத் திறந்தாள். பிறகு, நிற்கிறவனுக்குத்தான் விழ இடம் உண்டு, தரையோடு உட்கார்ந்து முதுகுக்குச் சாய்மானம் இருந்தால் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது, முன்னதாகக் கொஞ்சம் தூங்கிவிட்டு வாருங்கள் என்றாள். எனக்கு டாக்டர் சொல் போதாது. போன வாரம் நிமாய்தா கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு உள்ளே போய், ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து இன்னொரு சின்ன மூட்டையை மடியில் வைக்கச் சொன்னேன்.

"தாதா, கல்யாணம் உங்களுக்கா, மூட்டைக்கா?" என்றார் நிமாய்தா.

"பேசாமல் என்னைச் சிரிக்க வையுங்கள்."

"வைன்னு சொன்னா வருமா? கடன் கேக்கறவன் மாதிரி மூஞ்சிய வெச்சிண்டிருக்கீங்க."

அவர் வங்காளியில்தான் சொன்னார். என் காதுக்கு அது நம் பேச்சாகவே விழுந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "'நீ மத்தியானம் தூங்கற நேரத்துல திருடன் வந்தா என்ன பண்ணுவே'ன்னு என் வீட்டுக்காரி கேட்டா. திருடனும் வங்காளிதானேடி, அந்த நேரத்துல அவனும் தூங்குவான்னேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் வந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அதை நான் தடுக்கவில்லை. தலை பின்னால் சுவரில் சாய்ந்தது, கைகள் இரண்டு பக்கமும் விழுந்தன. நிமாய்தா பயந்து எழுந்து வந்து என் கன்னத்தைத் தட்டினார், யார் பெயரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்கு நாக்கு திரும்பியது. "மூட்டை?" என்று கேட்டேன். மூட்டை மடியிலேயே இருந்தது. மடி என்பது தசையால் ஆனது இல்லை. உட்கார்ந்தால் அது அங்கே இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆகவே கேள். நெல் மூட்டையைத் தூணுக்கு முன்னால் போடச் சொல். எனக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு தலையணை. சித்தப்பா அவ்வளவு ஆசைப்பட்டால் பின்னால் நின்று என் தோள்களைப் பிடித்துக்கொள்ளட்டும், அதற்கு எனக்கு மறுப்பில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு அறையில் நான் தூங்குவேன்; அது மருந்து, யாரும் எட்டிப் பார்த்துக் கேலி பேசக்கூடாது. வீடியோக்காரர்களிடம் என் முகத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. தாலி கட்டும்போது எனக்குச் சந்தோஷம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பேப்பரைத் தூக்கிப் பிடிக்க அங்கே வசதி இல்லை. என் கைகள் உன் தோளிலிருந்து நழுவும், தலை உன் முதுகில் விழும், பாரமாக இருக்கும். பொறுத்துக்கொள்.

இதற்குப் போனில் பதில் சொல்லாதே. "டீக் ஆச்சே" என்று முடிப்பாய், நானும் "சரி" என்பேன், இரண்டு பேரும் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, நான் வருகிறேன். அன்று காலை மூட்டையைப் போட்டதும், யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நான் போய் அதன் மேல் உட்கார்ந்துவிடுவேன். பெண்ணைப் பெற்றவனை அங்கிருந்து எழுப்புகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது என்று பார்க்கிறேன். நீ சித்தப்பா மடியில்தான் உட்கார்வேன் என்றால் இன்னொரு மூட்டை கொண்டுவந்து பக்கத்தில் போடட்டும். உன் இஷ்டம். மந்திரம் முடிந்து எல்லோரும் அட்சதை போட்டுச் சாப்பிடப் போகும் வரைக்கும் நான் வெறும் மடியோடு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கமாட்டேன்.

அப்பா